பிளாப்பித் தட்டும் முத்துச் சிப்பியும்



முத்துச் சலாபம் என்னும் சொல் எங்கள் தூத்துக்குடியில் ஒரு காலத்தில் சிறு குழந்தைகளும் அறிந்த சொல். அரசாங்கம் நாள் குறித்து, தோணிகளுக்கு அனுமதி வழங்கி, நூற்றுக்கணக்கான பேர் ஒன்றாகக் கடலுக்குச் சென்று முத்துச் சிப்பி எடுத்து வரும் அந்தப் பெருநிகழ்ச்சிக்கே சலாபம் என்று பெயர். 1955 முதல் 1961 வரை நடைபெற்ற சலாபங்களே இந்தக் கரையில் கடைசியாக நடந்தவை. அதற்குப் பிறகு கடலடிப் பார்களில் சிப்பி போதிய அளவு விளையவில்லை. சலாபமும் நின்று போயிற்று.

அந்தச் சலாபத்தில் ஒரு விநோதமான வியாபாரம் நடக்கும். கரைக்கு வந்து சேர்ந்த சிப்பிகளில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. எஞ்சிய பங்கு அரசாங்கத்துக்கு. அரசாங்கப் பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். ஏலத்தில் எடுப்பவன் சிப்பியைத் திறந்து பார்க்க முடியாது. மூடிய சிப்பிக்கே அவன் விலை சொல்ல வேண்டும். உள்ளே நல்முத்து இருக்கலாம். வெறும் தசை மட்டுமே இருக்கலாம். வாங்கியதைக் கொண்டு போய்த் தொட்டியில் இட்டு, தசை அழுகிக் கழியும் வரை நாற்றத்தைப் பொறுத்துக் கொண்டு காத்திருந்து, பிறகு கடல் நீரால் பலமுறை அலசி, அடியில் தங்கும் மண்டியைத் துணியில் பரப்பித் துழாவிப் பார்த்தால்தான் ஆதாயமா நட்டமா என்பது தெரியும்.

நான் பிறப்பதற்கு முன்பிருந்தே நடந்து வந்த இந்த வியாபாரத்தை இன்று ஏன் நினைவூட்டுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். ஏறத்தாழ இதே வியாபாரத்தை நானும் செய்து வருகிறேன். ஆனால் நான் வாங்குவது சிப்பி அன்று. பழைய இரும்புக் கடைகளிலே மூட்டையாகக் கிடக்கும் கணினிப் பிளாப்பித் தட்டுகள்! ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊரில் எங்களைப் போன்ற பித்தர்கள் மூவர் இருக்கிறோம். பழைய வீட்டுக் கணினிகளைத் தேடிப் பிடித்துப் பழுது பார்ப்பதும், பழைய தட்டுகளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்ப்பதும் எங்கள் மாலைப் பொழுதின் வேலை. வீட்டார் இதைக் குப்பை சேர்ப்பது என்பார்கள். அவர்கள் சொல்வது முழுவதும் பொய்யென்று நான் வாதாட வரவில்லை. ஆயினும் அந்தக் குப்பையில் ஒருமுறை எங்களுக்கு என்ன கிடைத்தது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்பு, வீட்டுக் கணினி என்பது எப்படி வந்தது என்பதைச் சிறிது பார்ப்போம். பெரிய அலுவலகங்களில் ஓர் அறை முழுவதையும் அடைத்துக் கொண்டிருந்த கணினி, 1970களின் பிற்பகுதியில் மேசை மேல் வந்து அமர்ந்தது. 1977இல் அமெரிக்காவில் ஆப்பிள் 2 விற்பனைக்கு வந்தது. 1981இல் இங்கிலாந்தில் பி.பி.சி. மைக்ரோ வந்தது; 1982இல் ஸ்பெக்ட்ரமும் கமடோர் 64உம் வந்தன. இவற்றின் நினைவாற்றலைக் கேட்டால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். பெரிய ஸ்பெக்ட்ரமின் நினைவகம் 48 கிலோபைட்டு. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதைப் போல் ஐம்பது மடங்குக்கும் மேல் இருக்கும். அந்தச் சின்னஞ்சிறு இடத்திற்குள் கணக்கும் விளையாட்டும் சங்கீதமும் அடக்கிக் காட்டிய அக்காலத்து இளைஞர்களின் சாமர்த்தியத்தை எண்ணினால் வியப்பே உண்டாகிறது.

வானொலியில் பேசுகிறபடியால் வானொலி சம்பந்தமான ஒரு செய்தியையும் சொல்லி விடுகிறேன். அந்தக் கணினிகளிற் பல, செய்நிரல்களைச் சாதாரண ஒலிநாடாவில் பதிந்து வைத்தன. நாடாவை ஓடவிட்டால் கீச்சென்றும் கரகரவென்றும் ஓர் ஒலி கேட்கும். அந்த ஒலிதான் செய்நிரல். ஒலியாக இருப்பதை வானொலியில் ஒலிபரப்பினால் என்ன என்று சிலருக்குத் தோன்றிற்று. நெதர்லாந்து நாட்டு வானொலி அவ்வாறே ஒலிபரப்பியது. 1983இல் பெல்கிரேடு நகர வானொலியிலும் ‘வென்டிலேட்டர் 202’ என்னும் நிகழ்ச்சியில் சோரான் மோட்லி என்பவர் செய்நிரல்களை ஒலிபரப்பினார். நேயர்கள் வீட்டிலிருந்தபடியே நாடாவில் பதிந்து கொண்டு, தங்கள் கணினியில் இட்டு இயக்கினார்களாம். ஆகாயத்தின் வழியே கணினிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த அந்த நாட்களை நினைக்கும்போது, வானொலிக்கு நாம் இன்னும் போதிய நன்றி செலுத்தவில்லை என்றே தோன்றுகிறது.

நம் நாட்டில் வீட்டுக் கணினி என்பது அக்காலத்தில் செல்வர் வீட்டுப் பொருள். பெரும்பாலான பிள்ளைகள் முதன்முதலில் கணினியைக் கண்டது பள்ளிக்கூடத்திலேதான். 1984-85இல் மத்திய அரசாங்கம் ‘கிளாஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, முதலில் சுமார் 250 பள்ளிகளுக்குப் பி.பி.சி. மைக்ரோ கணினிகளை வழங்கிற்று. பஞ்சாப் மாநிலம் மொகாலியில் இருந்த அரசாங்கத்தின் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் அந்தக் கணினியை உரிமம் பெற்று இங்கேயே செய்தது. செருப்பைக் கழற்றி வெளியே விட்டு விட்டுக் கோயிலுக்குள் நுழைவது போலக் கணினி அறைக்குள் நுழைந்த தலைமுறை அது.

இனி, பிளாப்பித் தட்டுக்கு வருவோம். மெல்லிய பாலியெஸ்டர் தகட்டை வட்டமாக வெட்டி, அதன் மேல் இரும்பு ஆக்சைடு என்னும் துருப்பொடியைப் பசையோடு கலந்து பூசினால் அதுவே பிளாப்பித் தட்டு. 1971இல் ஐ.பி.எம். நிறுவனம் 8 அங்குலத் தட்டை வெளியிட்டது. 1976இல் 5¼ அங்குலத் தட்டு வந்தது. 1980களின் தொடக்கத்தில் சோனி நிறுவனத்தின் 3½ அங்குலத் தட்டு வந்தது. கெட்டியான உறைக்குள் இருந்த இந்தக் கடைசித் தட்டைத்தான் உங்களிற் பலர் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு திரிந்திருப்பீர்கள். தட்டு சுழலும்போது காந்த முனை ஒன்று அதன் மேல் உராய்ந்து கொண்டே எழுதும், படிக்கும். ஒன்றுக்குள் ஒன்றாக வட்டப் பாதைகள். ஒவ்வொரு பாதையிலும் சிறு சிறு பகுதிகள். 5¼ அங்குலத்தில் மிகவும் பரவலாக இருந்த ஒரு வகையில் பக்கத்துக்கு 40 பாதை, இரண்டு பக்கம், பாதைக்கு 9 பகுதி, பகுதிக்கு 512 பைட்டு. பெருக்கிப் பார்த்தால் 3,68,640 பைட்டு வரும். 360 கே தட்டு என்று நாம் சொல்லி வந்தது இதைத்தான்.

காலம் மாறிற்று. சோனி நிறுவனம் 2011இல் பிளாப்பி விற்பனையை நிறுத்திக் கொண்டது. ஜப்பானிய அரசாங்கம், விண்ணப்பங்களைப் பிளாப்பியில் தர வேண்டும் என்று விதித்திருந்த விதிகளில் ஏறத்தாழ எல்லாவற்றையும் 2024இல் நீக்கிற்று. இன்று விற்கும் கணினியில் அந்தத் தட்டை நுழைக்க ஒரு வாயில்கூட இல்லை.

நேயர்களே, இப்போது என் கதைக்கு வருகிறேன்.

பள்ளியில் எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். சலாபம் நின்று போன பிறகு, முத்துக்குளித்தவர்களின் பேச்சில் வழங்கிய சொற்களும் ஒவ்வொன்றாக மறைந்து வருவதை அவர் கண்டார். கடலடிப் பாறைத் தளத்திற்குப் பார் என்று பெயர். ஆழத்தை அளப்பது பாகத்தால். காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு பெயர். இவை பலரும் அறிந்தவை. இவற்றுக்கும் அப்பால், நீரின் தெளிவுக்கும் கலக்கத்துக்கும், கயிற்றின் முடிச்சுக்கும், கல்லின் எடைக்கும், மூச்சு முட்டும் நேரத்துக்கும் அவர்களிடம் தனித்தனிச் சொற்கள் இருந்தன. ஓய்வு பெற்ற பின் ஆசிரியர் மாலைதோறும் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் கடற்கரைத் தெருக்களுக்குப் போவார். முதிர்ந்தவர்களின் திண்ணையில் அமர்ந்து கேட்டு எழுதுவார். பல ஆண்டுகள் அவ்வாறு எழுதினார்.

1994இல் அதனை நூலாக அச்சிட விரும்பி, ஒரு டி.டி.பி. நிலையத்தில் கொடுத்துக் கணினியில் ஏற்றினார். நிலையத்தார் மூன்று பிளாப்பித் தட்டுகளில் பதிந்து கொடுத்தார்கள். அச்சுக்குப் பணம் சேரவில்லை. சில ஆண்டுகளில் ஆசிரியர் காலமாகி விட்டார். வீடு மாறியபோது, கறையான் ஏறிய நோட்டுப் புத்தகங்களை வீட்டார் எரித்து விட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. ‘எல்லாம் கணினியில் ஏறி விட்டதே, இனி இந்தத் தாள் எதற்கு?’ என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் அன்று அருகில் நின்றிருந்தேன். வேண்டாமென்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனத்தை இன்று வரை என்னால் மறக்க முடியவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஆசிரியரின் மகள் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டு வந்து கொடுத்தார்கள். “அண்ணாச்சி, அப்பா எழுதினதெல்லாம் இதுக்குள்ளதான் இருக்குன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க. பாத்துச் சொல்லுங்க” என்றார்கள். திறந்தேன். மூன்று 5¼ அங்குலத் தட்டுகள். முதலாவதன் மேல் ஆசிரியரின் கையெழுத்தில் ‘முத்துக்குளிப்புச் சொற்கள்’ என்று மையால் எழுதியிருந்தது.

உடனே கணினியில் இட்டுப் பார்க்க வேண்டும் என்றே கை துடித்தது. ஆனால் எங்கள் தொழிலில் முதல் பாடம் அவசரப்படாமை. தூத்துக்குடிக் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் டப்பாவில் கிடந்த தட்டின் மேல் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அதை அப்படியே சுழல விட்டால் காந்த முனை பூஞ்சணத்தை இழுத்துத் தேய்த்து, துருப்பூச்சையே சுரண்டி எறிந்து விடும். எழுத்தும் அதோடு போகும். ஆகவே உறையின் ஓரத்தை மெல்லக் கத்தரித்து, வட்டத் தகட்டை வெளியே எடுத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்து, உலர்த்தி, வேறொரு பழைய தட்டின் நல்ல உறைக்குள் செருக வேண்டும். இந்த வேலைக்கு மூன்று மாலைகள் ஆயின. சிப்பி அலசுகிறவர்களின் பொறுமை எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

அடுத்தது படிக்கும் வேலை. இதற்கென்று உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் சில சிறிய கருவிகளைச் செய்திருக்கிறார்கள். கிரையோஃபிளக்ஸ், கிரீஸ்வீசில் என்பன அவற்றிற் சில. பழைய கணினி ஒரு பகுதியைப் படிக்க முயன்று, சிறு பிழை இருந்தால்கூட ‘படிக்க முடியவில்லை’ என்று கையை விரித்து விடும். இந்தக் கருவிகள் அவ்வாறு தீர்ப்புச் சொல்வதில்லை. தட்டில் காந்தத்தின் திசை எங்கெங்கே மாறுகிறது என்பதை அப்படியே அளந்து குறித்துக் கொள்ளும். அந்தக் குறிப்பை வைத்துக் கொண்டு, மங்கிய இடத்தைப் பலமுறை ஒப்பிட்டு எழுத்தை மீட்கலாம். கிழிந்த ஓலையை வாசிக்கும் புலவர் விளக்கைச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பதற்கு இது ஒப்பாகும்.

முதல் இரண்டு தட்டுகளும் பெரும்பாலும் நன்றாக வந்தன. திரையில் விரித்துப் பார்த்தோம். தமிழைக் காணோம்! ஏதோ ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் வரிசை வரிசையாக நின்றன.

இதற்குக் காரணம் உண்டு. தமிழைக் கணினியில் ஏற்றியவர்கள் பல திசைகளிலிருந்து வந்தவர்கள். கனடாவில் சீனிவாசன் ‘ஆதமி’யை உருவாக்கினார்; மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 முதல் ‘முரசு’வை வளர்த்தார்; சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி ‘கணியன்’ செய்தார்; சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவைத் தந்தார். இவர்களுக்குத் தமிழர் என்றென்றும் கடமைப்பட்டவர்கள். ஆனால் அக்காலத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே எண்வரிசை இல்லை. கணினிக்கு எழுத்து என்பது ஓர் எண் மட்டுமே. ஒருவர் ‘க’வுக்கு வைத்த எண், மற்றொருவரிடம் வேறோர் எழுத்தாகும். தமிழ்நாட்டு அச்சகங்களில் வழங்கிய எழுத்துருக்களுக்கோ கணக்கே இல்லை. 1999இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் தமிழக அரசு சில தரங்களை வகுத்தது. 2010இல் யூனிகோடையும் டேஸ் 16ஐயும் அரசு தரமாக ஏற்றது. இன்று உங்கள் கைப்பேசியில் தமிழ் தடையின்றி ஓடுவது இந்த ஒற்றுமையின் பயன். ஆசிரியருடைய தட்டோ அதற்கு முற்பட்டது. எந்த எழுத்துருவில் அடித்தார்கள் என்று கேட்க அந்த டி.டி.பி. நிலையமும் இன்று இல்லை.

என்ன செய்வது? எங்கள் மூவரில் இளையவர் ஒரு வழி கண்டார். அகராதி என்பது அகர வரிசையில் இருப்பது அல்லவா? அப்படியானால் முதற்பகுதியில் ஒவ்வொரு வரியும் எந்தக் குறியில் தொடங்குகிறதோ, அந்தக் குறி ‘அ’வாகத்தான் இருக்க வேண்டும். அதை அடுத்துத் தொடங்குவது ‘ஆ’. அதற்கடுத்தது ‘இ’. இப்படியே உயிரெழுத்துகள் கைக்கு வந்தன. பிறகு ககரம், அதன் பின் சகரம். ‘கெ’ வரிசையில் ஒரு சிக்கல் வந்தது. அங்கே எல்லா வரிகளும் ஒரே புதிய குறியில் தொடங்கின. சற்று யோசித்தபின் விளங்கிற்று. பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்தைச் சேமித்தார்கள். கொம்பு முதலில், ககரம் பிறகு. அந்தக் குறிதான் கொம்பு! மேலுறையில் எழுதியிருந்த ‘முத்து’ என்னும் சொல் பக்கத்துக்குப் பத்து முறையாவது வரும் என்று நம்பித் தேடினோம். மூன்றே குறிகள், நடுவில் புள்ளி வைத்த தகரம். அதுவும் அகப்பட்டது. பதினொரு நாளில் முழு எழுத்து அட்டவணையும் தயாராயிற்று.

முதல் வரி தமிழாகத் திரையில் தோன்றிய அந்த இரவை நான் என்றும் மறவேன். வகுப்பறையில் கேட்ட குரல் திரும்பவும் கேட்டது போல இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுதி, அதன் கீழே யாரிடம் கேட்டது, எந்தத் தெரு, அவருக்கு அப்போது என்ன வயது என்றெல்லாம் ஆசிரியர் குறித்திருந்தார்.

மூன்றாவது தட்டு எங்களை அவ்வளவு எளிதில் விடவில்லை. அந்த வகைத் தட்டில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்னும் அட்டவணை வெளிவட்டத்தில்தான் இருக்கும். பூஞ்சணம் வெளிவிளிம்பிலிருந்தே தின்று வந்திருந்தது. அட்டவணை போயிற்று. உள்வட்டங்களில் எழுத்து இருந்தது. ஆனால் எது எதைத் தொடர்வது என்று சொல்ல யாருமில்லை. நூலின் பொருளடக்கமும் பக்க எண்களும் கிழிந்து, தாள்கள் மட்டும் கலைந்து கிடந்தால் எப்படியோ அப்படி. இங்கேயும் அகர வரிசையே கைகொடுத்தது. கிடைத்த துண்டுகளை வரிசைப்படுத்தினோம். மகரத்தின் நடுவிலிருந்து இறுதி வரை ஏறத்தாழ முழுவதும் கிடைத்தது. ஆனால் வெளிவட்டங்களில் இருந்த பகர வரிசையில் பெரும்பகுதி என்றென்றைக்குமாகப் போய் விட்டது. பகரத்தில்தான் பார்களைப் பற்றிய சொற்கள் எல்லாம் இருந்திருக்கும்.

இங்கே உங்களிற் சிலர், பெரிய தேசங்களில் இப்படியெல்லாம் நேராது என்று எண்ணக்கூடும். நேர்ந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1086இல் தொகுத்த ‘டூம்ஸ்டே’ என்னும் நிலக்கணக்கு ஏட்டின் தொள்ளாயிரமாவது ஆண்டு நிறைவை முன்னிட்டு, 1986இல் பி.பி.சி. நிறுவனம் நாட்டு மக்களின் அன்றாட வாழ்வைத் திரட்டி லேசர் தட்டுகளில் பதிந்தது. பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் எழுதித் தந்தார்கள். பதினைந்து ஆண்டு கழிவதற்குள் அந்தத் தட்டைப் படிக்கும் கருவிகள் அருகி, அந்தத் திரட்டே அழிந்து விடுமோ என்று அஞ்சும் நிலை வந்தது. அறிஞர்கள் பெரிதும் பாடுபட்டு அதை மீட்டார்கள். தோலில் மையால் எழுதிய பழைய ஏடோ, ஒன்பது நூற்றாண்டு கழிந்தும் வாசிக்கக் கூடியதாகவே இருந்தது!

நம் நாட்டிலும் இந்தப் பாடம் புதிதன்று. ஓலைச்சுவடிக்கு ஆயுள் சில நூறு ஆண்டுகளே. ஆகையால் நம் முன்னோர் ஓலையை வைத்துக் காக்கவில்லை, படியெடுத்துக் காத்தார்கள். படியெடுக்க ஆள் இல்லாமற் போன காலத்தில் நூல்கள் அழிந்தன. எஞ்சியவற்றைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியிராவிட்டால் அந்தக் காப்பியம் நம் கைக்கு இப்படிக் கிட்டியிராது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் பரவிய தமிழர்கள் ஊதியமின்றி உழைத்துப் பழைய நூல்களைக் கணினியில் ஏற்றி வரும் பணி. அதுவும் படியெடுக்கும் மரபின் தொடர்ச்சியே.

விட்டுப் போன பகரத்தை என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். 1961ஆம் ஆண்டுச் சலாபத்தில் இருபது வயது இளைஞராகக் குளித்த பெரியவர் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அவரைப் பார்க்கச் சென்றேன். எண்பதைக் கடந்தவர். காது சற்று மந்தம். ஆனால் கடலைப் பற்றிக் கேட்டால் கண்ணில் ஒளி வருகிறது. அவருக்கு முன்னே அமர்ந்து, “ஐயா, பகரத்தில் தொடங்கும் உங்கள் தொழில் சொற்கள் ஏதேனும் நினைவில் உண்டா?” என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

“தம்பி, எழுத்தை வச்சுக் கேட்டா எனக்கு என்ன தெரியும்? தோணியில ஏறுனதுல இருந்து சொல்றேன், கேட்டுக்க” என்றார்.

அப்படியே சொல்லத் தொடங்கினார். விடியற்காலையில் நிலக்காற்றில் பாய் விரித்துப் புறப்படுவதிலிருந்து, காலில் கல்லைக் கட்டிக் கொண்டு இறங்கி, சிப்பியை வலைப்பையில் சேர்த்து, கயிற்றை அசைத்துச் சைகை காட்டுவது வரை. சொற்கள் தாமாக வந்து விழுந்தன. அந்த ஒரு மாலையில் பகரச் சொற்கள் முப்பதுக்கு மேல் கிடைத்தன. ஆசிரியர் எத்தனை எழுதியிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. எத்தனையோ விட்டுப் போயிருக்கும். சில சொற்களை நான் சொல்லி, இவை என்னவென்று கேட்டபோது, “அது எங்க அப்பா காலத்துச் சொல்லு, எனக்குப் பொருள் தெரியாது” என்று அவர் கையை விரித்தார். அவருடைய தகப்பனாருக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. ஆசிரியர் கேட்டு எழுதியிருந்தார். நாங்கள் நெருப்பில் இட்டோம்.

முத்துக்குளிப்பதைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒன்று சொல்வார்கள். கடலுக்குள் இறங்குகிறவனின் உயிர், மேலே தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவன் கையில் இருக்கிறது. ஆகையால் கயிற்றைப் பிடிக்கும் வேலையை மைத்துனனிடமே கொடுப்பார்கள். தன் உடன்பிறந்தவள் தாலிக்காகவேனும் அவன் கண்ணயராமல் இருப்பான் என்பது அந்த நம்பிக்கை. எழுதி வைத்தவர் காலத்தின் ஆழத்துக்குள் இறங்கி விடுகிறார். கயிறு நம் கையில் இருக்கிறது. பெட்டியில் போட்டு மூடி வைப்பதைக் கயிற்றைப் பிடிப்பதென்று சொல்ல முடியாது. அவ்வப்போது இழுத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டுப் பரணிலோ அலமாரியிலோ பழைய பிளாப்பித் தட்டுகள் இருக்குமானால் எறிந்து விடாதீர்கள். வெயிலிலும் ஈரத்திலும் வைக்காதீர்கள். காந்தம் உள்ள ஒலிபெருக்கி அருகே வைக்காதீர்கள். பூஞ்சணம் கண்டால் எந்தக் கருவியிலும் நுழைக்காமல் அறிந்தவரிடம் காட்டுங்கள். உள்ளிருந்து மீட்டதை ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு மூன்று இடங்களில் படியெடுத்து வையுங்கள். இன்று நாம் நம்பும் பென்டிரைவும் ஒரு நாள் பிளாப்பியின் கதியை அடையும் என்பதை நினைவில் வையுங்கள். மிக வேண்டியவற்றைத் தாளில் அச்சிட்டும் வையுங்கள். மூலத்தைப் படியெடுத்து விட்டோம் என்பதற்காக மூலத்தை எரிக்காதீர்கள். இந்தக் கடைசி வார்த்தையை நான் அனுபவத்தால் சொல்கிறேன்.

தூத்துக்குடியில் 1973ஆம் ஆண்டில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து அறிஞர்கள் சிப்பிக்குள் கரு வைத்து முத்து விளைவித்துக் காட்டினார்கள். கடல் தானாகத் தராததை மனிதன் முயன்று பெற முடியும் என்று அன்று தெரிந்தது. ஆனால் சொல்லுக்கு அப்படி ஒரு வழி இல்லை. சொன்னவரும் மறைந்து, எழுதியதும் அழிந்தால், அந்தச் சொல்லை எந்த ஆராய்ச்சியாலும் விளைவிக்க முடியாது.

ஆசிரியரின் சொற்றொகுதியை இப்போது யூனிகோடுக்கு மாற்றி, மூன்று படிகள் எடுத்து, ஒன்றை அவருடைய மகளிடம் தாளாகக் கொடுத்திருக்கிறோம். பகரம் வரும் இடத்தில் சில பக்கங்களை வெறுமையாக விட்டிருக்கிறோம். பெரியவர் சொன்னவற்றை அங்கே ஒவ்வொன்றாக எழுதி வருகிறேன். அடுத்த வாரமும் அவரைப் பார்க்கப் போகிறேன்.